வளைவில் இறங்குகிறவர்கள்

2025 மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் அம்மா வளைவில்தான் குதித்தாங்க. ஹட்டனிலிருந்து வரும் சாயங்கால ரயில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே ஏற்றத்தில் மெதுவாகும். அங்கே குதித்தால் ஐந்து நிமிடத்தில் வீடு. ஸ்டேஷன் வரை போனால் முக்கால் மணி நேரம் திரும்பி நடக்கணும். அதனால் தோட்டமே ஓடுகிற ரயிலிலிருந்து இறங்குகிறது. ஹட்டனில் துணிக்கடை வேலைக்குப் போன முதல் வாரமே நானும் பழகிவிட்டேன். ஆனால் அம்மாவுக்குக் காலில் சீனி வியாதிப் புண். செவ்வாய்க்குச் செவ்வாய் டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக்கொண்டு, அதே காலோடு குதிப்பதா?

சொல்ல வாய் வரவில்லை. எனக்கு என்றைக்கு வந்தது? வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயந்தே தரம் பத்தோடு நின்றவள்.

மார்ச் 7

பக்கத்துக் காம்பரா வீட்டு அழகன் அண்ணன் விழுந்துவிட்டார். வளைவில் இறங்கும்போது ரயில் ஒரு இழுப்பு இழுத்தது. இடது பாதம் சக்கரத்தில் — எழுத முடியவில்லை. நான் அவருக்குப் பின்னால்தான் நின்றேன்.

மார்ச் 8

பெட்டியில் அதே பேச்சு. "ஒரு நிமிசம் நிப்பாட்டுனா என்னவாம்?" என்றார் ஒருவர். "அவன் போன் பேசிக்கிட்டே எறங்குனான்" என்றார் இன்னொருவர். வளைவு வந்ததும் பேச்சை அப்படியே விட்டுட்டு எல்லாரும் எறங்கிட்டாங்க! அந்த ரெண்டு பேருந்தான் முதல்ல. தண்டவாளக் கல்லுல ரத்தக் கறைகூடப் போகல. என்ன ஜனங்க இது?

ஸ்டேஷன் வரை போனது நான் ஒருத்தி. மழை வேறு.

மார்ச் 9

இனி வளைவில் இறங்க வேண்டாம் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். "கால் நல்லா இருக்கவ நடக்கலாம்டி." அதுவும் நியாயந்தான். அதுதான் எரிச்சல்.

மார்ச் 11, செவ்வாய்

கத்திவிட்டேன். பெட்டி முழுக்கக் கேட்டிருக்கும்.

வளைவு நெருங்கியதும் அம்மா பையோட எழும்புனாங்க. அழகன் அண்ணனோட சம்சாரம் நிலக்ஷி அக்கா, ஆஸ்பத்திரியில அவரைப் பாத்துட்டு வர்றவங்க, அவங்களும் எழும்புறாங்க!

"அம்மா, ஒக்காருங்க! ஒங்க காலைப் பொறுக்கிக்கிட்டு வர என்னால முடியாது!"

"அடியாத்தி, ஊமைக்கோட்டானுக்கு வாய் வந்துருச்சு!" யாரோ சிரிச்சாங்க.

அம்மா உட்கார்ந்துட்டாங்க. நிலக்ஷி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினாங்க. ஐயோ, அவங்களை வச்சுக்கிட்டா அப்படிச் சொன்னேன்?

ஸ்டேஷனிலிருந்து அம்மா நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாங்க. நான் செய்தது சரியா?

மார்ச் 18, செவ்வாய்

எனக்குக் காய்ச்சல். அம்மா தனியாகத்தான் டிக்கோயா போனாங்க.

ரயில் கூவிக்கொண்டு வளைவைத் தாண்டியது. பாதையில் ஆட்கள் ஏறி வந்தார்கள். அம்மா இல்லை. விழுந்திருந்தால் இவர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டு வருவார்களா? கேட்கலாம். கேட்கவில்லை. வாசலிலேயே நின்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சத்தம்தான் முதலில் வந்தது.

"இவளைப் பெத்த பாவத்துக்கு இன்னும் எத்தனை மைல் நடக்கணுமோ!"

பின்னாலேயே நிலக்ஷி அக்கா. ஒரு கையில் அம்மாவின் பை, மறு கையில் அம்மாவின் முழங்கை. இரண்டு பேர் காலிலும் ஸ்டேஷன் ரோட்டுச் சேறு.

"பாத்துக்கிட்டு நிக்காம தேத்தண்ணி ஊத்துடி" என்றாங்க அக்கா.