கிட்டங்கித் தெருவைப் பற்றிய அறிக்கை

சேசு மரி சூசை துணை

கிட்டங்கித் தெரு,
யாழ்ப்பாணம்.
1938 மாசி 11

அன்புள்ள தம்பி சந்தியோகு,

உன்னையும் மச்சாளையும் பிள்ளைகளையும் மாதா காக்கட்டும். நான் நடமாடுகிறேன். அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்.

தெருவில் நெருப்புக்காய்ச்சல். மூன்று இராசாக்கள் திருநாளுக்குப் பிறகு ஐந்து பேரை அடக்கம் செய்துவிட்டோம். கடைசியாகப் போனவள் முன்வீட்டு லூர்த்தம்மாவின் மகள் ஸ்ரெல்லா. நீ கொழும்புக்குப் போனபோது தாயின் இடுப்பில் இருந்தவள். பதினாறு வயது. ஆனியில் கலியாணம் வைத்திருந்தார்கள். கலியாணத்துக்கென்று நான் தைத்த சட்டையைப் போட்டுத்தான் பெட்டியில் கிடத்தினோம்.

நீ போய்ப் பதினைந்து வருடம். இப்போது வந்தால் தெருவை அடையாளம் மட்டுக்கட்ட மாட்டாய். மலையாள நாட்டுக்குப் புகையிலை போன காலத்தில் ஒன்பது கிட்டங்கியிலும் கூரை முட்டச் சரக்குச் சிப்பம் கிடக்கும். அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஏழு கிட்டங்கிகளுக்குக் கதவில்லை, அவற்றில் இரண்டுக்குக் கூரையும் இல்லை. போக்கிடமில்லாத சனம் அவற்றுக்குள் ஓலைத் தட்டி கட்டிக் குடியிருக்கிறது.

எல்லோருக்கும் கிணறு ஒன்றுதான். மேல் தெருச் சாக்கடை நம் கிணற்றடிக்கு வந்து தேங்குகிறது. அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்குகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ இஞ்சினியர் கந்தோரில் படம் கீறுகிறவன். உனக்கு இந்த விஷயம் தெரியும், இங்கிலீசும் தெரியும். தெருவுக்காக ஒரு விண்ணப்பம் எழுதித் தா. பதினைந்து வருடத்தில் உன்னிடம் நான் கேட்கும் முதல் உதவி இது.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அக்கா,
மக்டலீன்



கொழும்பு.
1938 மாசி 20

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் அதை வாசலில் நின்றே வாசித்துவிட்டு எரித்தேன். பிறகு கார்போலிக் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். கோபிக்க வேண்டாம், அந்தத் தெருவிலிருந்து வரும் எதையும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஸ்ரெல்லாவுக்காக இங்கே ஒரு பூசை சொல்லுவிக்கிறேன். ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். சாக்கடையைக் குற்றம் சொல்வது சோம்பேறிகளுக்கு வசதி. மீன் செதிலை வாசலிலேயே கொட்டுகிறவர்கள், ஆட்டோடு ஒரே கூரையில் படுக்கிறவர்கள், காய்ச்சல்காரனின் துணியைக் கிணற்றுக்கட்டில் அடித்துத் துவைக்கிறவர்கள் சாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தத் தெருவைத் திருத்த முடியாது. இடித்து, உப்புக் கொட்டிவிட வேண்டும்.

நீங்கள் கேட்காமலே காரியம் தொடங்கிவிட்டது. பட்டினத்தின் பழுதான பகுதிகளைப் பார்த்து அறிக்கை எழுத எங்கள் துரை பங்குனியில் வருகிறார். படம் கீறவும் விபரம் எழுதவும் என்னையே கூட்டி வருகிறார். நான் அரசாங்க வாடிவீட்டில் தங்குவேன். நீங்கள் அங்கே வர வேண்டாம். தெருவில் என்னைக் கண்டாலும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

அன்புள்ள சகோதரன்,
எஸ். ஜேம்ஸ்



சேசு மரி சூசை துணை

கிட்டங்கித் தெரு.
1938 பங்குனி 19

தம்பி சந்தியோகு,

சந்தியோகு என்ற பேரை இங்கிலீசில் ஜேம்ஸ் ஆக்கிக்கொண்ட நீ சொன்னபடியே நடந்தேன். கூப்பிடவில்லை.

காலையிலிருந்து வாசலில் நின்றேன். பேர் சொல்லிக் கூப்பிடாதே என்றுதான் எழுதியிருந்தாய், சமைக்காதே என்று எழுதவில்லை. அதனால் இறால் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சி வைத்திருந்தேன். நீ வந்தாய். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து, மூக்கைப் பொத்திய லேஞ்சித் துணி. துரை வெறும் மூக்கோடுதான் வந்தார். நாற்றம் அவருக்கில்லை, உனக்குத்தான் இருந்தது.

துரை என் வாசலில் நின்று, உள்ளே பார்க்கலாமா என்று கையால் கேட்டார். நீ இங்கிலீசில் ஏதோ சொல்லி அவரை அப்பால் கூட்டிப் போனாய். லூர்த்தம்மா தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பின்னேரம் வந்தாள்.

"மக்டலீன், உவன் உங்கடை சந்தியோகுதானே?"

"ஓம்."

"என்ரை பிள்ளை செத்த வீட்டைத் தாண்டிப் போறான். ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. லேஞ்சியை ஒருக்கா எடுத்திருந்தாலே காணும்."

கூழை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளுவேன். பொறுக்க முடியாதது வேறு. நீ கிணற்றடியில் சாக்கடை வாயைப் பார்த்தாய். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்தச் சாக்கடை முன்பு நேரே கடலுக்குப் போனது. செல்வநாயகம் முதலாளி அதன்மேல் கடைத்தொகுதி கட்டுவதற்காக நம் பக்கம் திருப்பினார். அந்த வேலையில் நிலமளக்கும் சங்கிலியைப் பிடித்தவன் யார்? அது உன் முதல் வேலை. வேலை முடிந்த மாதமே முதலாளியின் கடிதத்தோடு நீ கொழும்புக்கு ரயில் ஏறினாய். அன்று உனக்குப் பத்தொன்பது வயது, விளங்கியிராது என்று விட்டுவிடுகிறேன். இன்று விளங்கும். அறிக்கையில் அதை எழுது. ஒரு வரி போதும்.

அக்கா மக்டலீன்



கொழும்பு.
1938 சித்திரை 2

அன்புள்ள அக்கா,

அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். கிட்டங்கித் தெரு முழுவதையும் இடிக்கச் சொல்லியிருக்கிறேன். நோய்க்குக் காரணம் குடியிருப்போரின் பழக்கவழக்கம் என்று எழுதினேன். சாக்கடையைப் பற்றி எழுதவில்லை. பெரிய மனிதரின் கட்டிடத்தை ஒரு கிளாக்கன் தொட்டு எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. தையல் மெசினுக்கு முன்னால் இருந்துகொண்டு உலகத்தைப் பார்க்கிறீர்கள்.

உங்களுக்கு நட்டமில்லை. ஊருக்கு வெளியே வெளிக்காணி தருவார்கள். அது உப்புத் தரைதான், ஆனால் காற்றோட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தை விட்டு விலகுவதே உங்களுக்குப் பெரிய இலாபம்.

இப்போது முக்கியமான சங்கதி. சொந்தக்காரர் உள்ள இடத்தைப் பற்றி அறிக்கை எழுதக் கூடாது என்பது எங்கள் கந்தோர் விதி. என் பதிவில் பிறந்த ஊர் மானிப்பாய் என்று இருக்கிறது. மாமனார் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனியில் துரை அங்கே விசாரணை வைப்பார். உறவு வெளிப்பட்டால் வேலை போய்விடும். ஆகையால் நீங்கள் விசாரணைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

அன்புள்ள சகோதரன்,
எஸ். ஜேம்ஸ்



சேசு மரி சூசை துணை

கிட்டங்கித் தெரு.
1938 வைகாசி 23

சந்தியோகு,

உன் பழக்கவழக்கக்காரர் செய்ததைக் கேள்.

காய்ச்சல் வீடுகளின் துணியைக் கடற்கரையில் அவித்தோம். கிணற்றை மூன்று தரம் இறைத்துச் சுண்ணாம்பு போட்டோம். மூன்று தரமும் ஒரு கிழமைக்குள் பழைய நாற்றம் வந்துவிட்டது. இனித் துணியைச் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் சொன்னால் நம்புவார்களா? எங்களைப் பற்றித்தான் நீ எழுதிவிட்டாயே.

துணிக்குப் போடும் நீலம் என் வீட்டில் எப்போதும் இருக்கும். கடையிலும் வாங்கி, இரண்டு வாளியில் கரைத்து, நானும் லூர்த்தம்மாவும் மேல் தெருவுக்குக் கொண்டுபோய்ச் செல்வநாயகம் முதலாளியின் கடை வாசலில், பட்டப்பகலில், சாக்கடைக்குள் ஊற்றினோம். முதலாளியே வெளியே வந்தார்.

"என்னடி ஊத்திறியள்?"

"நீலம், ஐயா. உங்கடை தண்ணியை வெளுக்க வைக்கிறம்" என்றாள் லூர்த்தம்மா.

மகள் செத்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

மூன்றாம் நாள் கிணற்றில் வாளி விட்டோம். தண்ணீர் நீலம். மங்கலாய்த்தான், என்றாலும் வெள்ளைத் துணியைத் தோய்த்தால் எவருக்கும் தெரியும். பங்குத் தந்தையையும் ஆசுபத்திரி டாக்குத்தரையும் கூட்டி வந்து, அவர்கள் கண்முன் போத்தலில் பிடித்து, வாயில் அரக்கு வைத்தோம்.

அதன்பிறகு ஆம்பிளைகள் அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்தார்கள். கடலுக்குப் போகாத ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் வெட்டினார்கள். கடைத்தொகுதிக்கு இந்தப் பக்கம், முன்பு கடலுக்குப் போன அந்த ஒல்லாந்தர் காலத்துக் கல்வாய்க்கால் மண் மூடி அப்படியே கிடந்தது. மண்ணை அள்ளினோம். கடல்வரை திறந்துவிட்டது. கூரையில்லாத இரண்டு கிட்டங்கிகளையும் நாங்களே இடித்து, அந்தக் கல்லால் கிணற்றடியைக் கட்டினோம். மிச்சத்துக்கு வெள்ளையடித்தோம். இடிக்க வேண்டியது எது, வைக்க வேண்டியது எது என்று தெரிய எங்களுக்குக் கொழும்பிலிருந்து ஆள் வேண்டியிருக்கவில்லை.

முதலாளியின் கட்டிடத்துக்குக் கீழே உள்ள துண்டுதான் பாக்கி. அதைத் திறக்கச் சொல்லத் துரையால்தான் முடியும். விசாரணைக்கு நான் போவேன். போத்தலையும் கொண்டு போவேன்.

மக்டலீன்



கொழும்பு.
1938 ஆனி 9

அன்புள்ள அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். யாரோ துரைக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள், நான் கிட்டங்கித் தெருவில் பிறந்தவன், உங்கள் தம்பி என்று. துரை என்னிடம் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். விசாரணையில் உங்களிடம் கேட்கப் போகிறார். காய்ச்சல் என்று சொல்லி நான் லீவு எடுத்துவிட்டேன்; உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க என்னால் முடியாது.

நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். அம்மா சாகும்போது என்னை உங்கள் கையில்தானே தந்தா. உங்கள் ஒரு சொல்லில் நானும் இரண்டு பிள்ளைகளும் தெருவுக்கு வந்துவிடுவோம். அந்தச் சனத்தின் வாயையும் எப்படியாவது அடக்குங்கள். அவர்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

உங்கள் தம்பி,
சந்தியோகு



கிட்டங்கித் தெரு,
யாழ்ப்பாணம்.
1938 ஆனி 28

கனம் எஸ். ஜேம்ஸ் அவர்களுக்கு,

தாங்கள் நேரில் வராதபடியால் விசாரணையின் விபரத்தை அறியத் தருகிறேன்.

தெரு முழுவதும் வந்திருந்தது. மண்டபத்தில் கதிரை போதாமல் எங்கள் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். செல்வநாயகம் முதலாளிக்காக வழக்குப் பேச ஒரு பிரக்கிராசியார் வந்து, தங்கள் அறிக்கையிலிருந்து வாசித்தார். மீன் செதில், ஆடு, துணி எல்லாவற்றையும் வாசித்தார். தங்கள் இங்கிலீசு நன்றாக இருக்கிறதென்று அவர் சொன்னதாக மொழிபெயர்த்தவர் சொன்னார். பிறகு நான் போத்தலை மேசையில் வைத்து, முதலாளி பார்த்திருக்க அவர் கடை வாசலில் நீலம் ஊற்றியதைச் சொன்னேன். டாக்குத்தர் எழும்பி, அது தன் கண்முன் கிணற்றில் பிடித்த தண்ணீர்தான் என்று சாட்சி சொன்னார். துரை ஒரு வெள்ளைத் துணியைத் தோய்த்துப் பார்த்தார். அதற்குப் பிறகு பிரக்கிராசியார் அறிக்கையை மடித்து வைத்துவிட்டார்.

துரை அங்கேயே சொல்லிவிட்டார். தெருவை இடிப்பதில்லை. முதலாளி கடைத்தொகுதியின் தரையை உடைத்து, மூன்று மாதத்துக்குள் பழைய வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும்.

நாங்கள் எழும்பும் நேரத்தில் துரை என்னை நிற்கச் சொன்னார். மொழிபெயர்த்தவர் கேட்டார்:

"இந்த அறிக்கை எழுதின ஜேம்ஸ் உங்கடை தம்பியோ?"

எங்கள் தெருச் சனம் முழுவதும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவர் வாயையும் நான் அடக்கி வைத்திருக்கவில்லை. என்ன சொல்லுங்கள் என்றோ, சொல்லாதேயுங்கள் என்றோ ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

"இல்லை, ஐயா" என்றேன். "அவரை எனக்குத் தெரியாது."

அவர் திருப்திப்படவில்லை. பின்னால் நின்ற லூர்த்தம்மாவைக் கேட்டார். தங்களைப் பழிவாங்க அவளுக்கு அதைவிட நல்ல நேரம் வராது.

"உந்தப் பேரிலை எங்கடை தெருவிலை ஒருத்தரும் பிறக்கேல்லை" என்றாள்.

வேறு ஏழு பேரிடமும் கேட்டார்கள். ஒருவருக்கும் தங்களைத் தெரியவில்லை. ஆகவே தாங்கள் லீவை முடித்துக்கொண்டு கந்தோருக்குப் போகலாம்.

இதைத் தங்களுக்குச் செய்த உதவி என்று நினைக்க வேண்டாம். தங்கள் பிள்ளைகளுக்காகவும் சொல்லவில்லை, அம்மாவுக்காகவும் சொல்லவில்லை. ஓம் என்று சொல்லியிருந்தால், இந்தத் தெருவில் இப்படியொருவர் பிறந்தார் என்று துரையின் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். வெள்ளையடித்த தெருவுக்கு அது வேண்டாம் என்று பட்டது.

எங்களுக்கு ஏதும் அனுப்ப வேண்டாம்.

பொய்ச்சாட்சி சொன்னேன் என்று மனம் உறுத்தியதால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலில் இருந்து யோசித்தேன். தந்தை இரண்டு தரம் "சொல்லும் மகளே" என்றார். வேறு சில்லறைப் பாவங்களைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. எவ்வளவு யோசித்தும் அதில் பொய் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ம. மக்டலீன்,
கிட்டங்கித் தெரு