பெர்மீலியா அண்ணி கேட்ட முடி

நெப்ராஸ்கா, மார்ச் 1874

அன்புள்ள அம்மாவுக்கு லொவீசா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வெர்மான்ட் குளிரில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பாஸ்டனிலிருந்து பெர்மீலியா அண்ணி கடிதம் போட்டிருந்தாள். இரண்டு வருடத்தில் இதுதான் முதல். நான் செத்தேனா பிழைத்தேனா என்று ஒரு வரி இல்லை. சொந்தக்காரர் எல்லோருடைய முடியையும் பூவாகப் பின்னிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிறாளாம். "திசைக்கொன்றாகச் சிதறிய குடும்பம் என் கூடத்திலாவது சேர்ந்திருக்கட்டும்" என்று உருகியிருந்தாள். அண்ணன் அடியில் கையெழுத்துப் போட்டதோடு சரி.

என் வீட்டுக்காரர் சைலஸ் படித்துவிட்டுச் சிரித்தார். "நம்ம டியூக் வாலுல வேணுங்கற அளவுக்கு இருக்கே, வெட்டி அனுப்பேன்டி!"

டியூக் எங்கள் உழவு மாடு, வாலும் என் முடி மாதிரியே நல்ல செம்பட்டை. என் முடி என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

நேற்று பதில் வந்தது. "அப்படியே உன் அப்பாவின் முடி! பார்த்ததும் அழுதுவிட்டேன். நடுவில் வைத்திருக்கிறேன்." மாட்டு வாலைக் கட்டிக்கொண்டு அழுத மகராசி! வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டுவாள். நீ மூச்சு விடாதே.

என் முடியையே அனுப்பியிருக்கலாமே என்பாய். செப்டம்பரில் எனக்குக் கடும் காய்ச்சல், சைலஸ் என் தலையை மொட்டையடித்துவிட்டார். அண்ணனுக்கு அப்போதே எழுதினேன், பதில் இல்லை. இப்போது விரலளவு வளர்ந்துவிட்டது, கவலைப்படாதே. காது மட்டும் குளிர்கிறது, கம்பளித் தொப்பி ஒன்று பின்னி அனுப்பு. தொப்பிக்குள்ளே உன் முடியில் ஒரு கொத்து வை. எனக்குக் கண்ணாடிச் சட்டமெல்லாம் வேண்டாம், தலையணைக்கு அடியில் இருந்தால் போதும்.

தபால் வண்டி வந்துவிட்டது.

லொவீசா