நெற்றியில் வைத்த கை

1956, கார்த்திகை, வியாழன்

நர்சுகளின் வேலையை ஆராயச் சென்னையிலிருந்து வந்த அம்மாள் இன்று வார்டில் என்னிடம் கேட்டார்: "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாத்துக்குவாங்க?"

"நானேதான்" என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த மீமிசல் மீன்காரி அதைக் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் மருந்து கொடுக்கக் குனிந்தபோது சட்டென்று என் நெற்றியில் கை வைத்தாள்.

"ஆத்தாடி, இந்தக் கொதி கொதிக்குது! போயிப் படுங்கம்மா."

"கைய எடுங்க! நோயாளி நர்சைத் தொடக்கூடாது" என்று அதட்டிவிட்டேன். பழக்கதோஷம். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

இப்போது குவார்ட்டர்ஸில் என் நெற்றியில் நானே கை வைத்துப் பார்க்கிறேன். கையிலும் அதே சூடு. ஒன்றும் தெரியவில்லை.