ஆரஞ்சு விளக்கை அணைத்தவன்

இன்று காலை நாமக்கல் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் புது சுவிட்ச் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் எழுந்த பிளாஸ்டிக் வாசனை என்னை நேராகக் கொல்லிமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டது. கேபிள்களைச் செருகினேன். வரிசையாகப் பச்சை விளக்குகள். ஒன்று மட்டும் ஆரஞ்சு. உங்கள் முன்னால் நிற்பதுபோல் தலை தானாகக் குனிந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நாம் இரண்டு பேர். ஒரே படிப்பு, ஒரே வேலை. நீங்கள் மலைமேல் அரியூர் நாட்டுக்காரர். நான் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரன். மழைக்காலத்தில் பலாக்கிளை முறிந்து விழுந்தால் லேபுக்கும் டாக்டர் அறைக்கும் நடுவில் போகும் கேபிள் அறுந்துவிடும். அதனால் பின்பக்கமாக இன்னொரு கேபிளும் இழுத்தீர்கள். இரண்டும் ஒருசேர ஓடினால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து எல்லாமே முடங்கிவிடும் என்று, ஒன்றை நிறுத்திவைக்க சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாட்டைப் போட்டீர்கள். நின்ற வழிக்கு ஆரஞ்சு விளக்கு; மற்றது அறுந்தால் இது தானாக ஓடத் தொடங்கும். "கெட்டுப் போகலீங்க, காத்துக்கிட்டு இருக்குது" என்பீர்கள்.

நான் கேட்டால்தானே? மேலதிகாரிகள் வருகிறார்கள், ஆரஞ்சைப் பார்த்தால் பழுது என்பார்கள் என்று நானே ஸ்பானிங் ட்ரீயை எடுத்துவிட்டேன். எல்லாம் பச்சை. என்ன பெருமை எனக்கு! கொஞ்ச நேரத்தில் விளக்குகள் வெறி பிடித்ததுபோல் மினுக்கின. ஒரு கம்ப்யூட்டரும் அசையவில்லை. காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு தாய் இரத்தப் பரிசோதனை முடிவுக்காக உட்கார்ந்திருந்தாள். நீங்கள் முடிவைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு மழையில் டாக்டரிடம் ஓடினீர்கள். குழந்தை பிழைத்தது. சொட்டச் சொட்ட நனைந்து வந்து பின்பக்கக் கேபிளைப் பிடுங்கினீர்கள், எல்லாம் சரியாயிற்று.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "விடுங்க, பச்சை வெளக்குன்னா யாருக்குத்தான் புடிக்காது" என்றீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகும் நீங்கள்தான் போன் செய்வீர்கள். ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போங்க என்பீர்கள். வாரேனுங்க என்பேன். ஒருமுறை காரவள்ளிவரை வந்தேன். மலைக்குப் போகும் பஸ் எதிரிலேயே நின்றது. எந்த முகத்தோடு ஏறுவது? திரும்பிவிட்டேன்.

கடைசியில் உங்கள் சாவுக்குத்தான் ஏறினேன். உங்கள் மனைவி என்னைப் பார்த்து, "நீங்க வருவீங்கன்னு சொல்லிக்கிட்டேதானுங்க இருந்தாரு" என்றார்.

இன்றைக்குப் பக்கத்தில் நின்றவர் அந்த விளக்கைக் காட்டி, பழுதா என்று கேட்டார்.

"கெட்டுப் போகலீங்க, காத்துக்கிட்டு இருக்குது" என்றேன்.

சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.