இல்லாத வாரண்டுக்கு ஒளிந்த அண்ணனுக்கு

பாசமுள்ள எங்கள் செல்வராசு அண்ணனுக்கு,

உன் தங்கை முத்துமாரி எழுதுகிறேன். நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாத கடிதம் இது. உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நேரில் சொல்ல நீ இல்லாததால் ஊரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன். உன் மேல் வாரண்ட் இல்லை அண்ணே. ஒரு நாளும் இருந்ததில்லை.

படிக்கிறவர்களுக்கு உன் கதை தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து நம் குடும்பம் ஓசூருக்கு வந்ததே அம்மாவின் தம்பி ராசு மாமாவை நம்பித்தான். மாமா லேபர் காண்டிராக்டர். மோட்டார் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆள் அனுப்புவார். அந்த ஆட்களை மேய்த்து வேலை வாங்கியதெல்லாம் நீ. கம்பெனியில் உன் பேச்சுக்கு இருந்த மரியாதை மாமா பேச்சுக்கு இல்லை. அடுத்த காண்டிராக்டை உன் பேருக்கே தருவதாக மேனேஜர் சொன்னார் என்று வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? அதை முதலில் யாரிடம் போய்ச் சொன்னாய்? மாமாவிடம்தானே?

அதற்கு அடுத்த வாரம் செம்புக் கம்பிச் சுருளைக் காணோம் என்றார்கள். ஷிப்டு முடியும் முன்னே போலீஸ் வந்து உன்னை ஜீப்பில் ஏற்றியது. ரிமாண்ட், கிளைச் சிறை. அம்மா சிறை வாசலில் மனுப் போட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று உன்னைப் பார்த்துவிட்டு வந்து சோறே தின்னவில்லை. கம்பெனிக்காரன் கேஸ் கொடுத்துவிட்டான் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். வக்கீல் வைத்தார். ஜாமீன் கையெழுத்தும் அவரே போட்டார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை நமக்கு அப்போது எங்கே தெரிந்தது?

நீ வெளியே வந்த அன்று அவர் சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது.

“மாப்ள, கேஸு உனக்கு எதிராத்தான் போவுது. நீ பார்டரத் தாண்டிப் போயிரு. தமிழ்நாட்டுப் போலீஸ் அங்க வராது. வாய்தாவ நான் பாத்துக்கிறேன்.”

இந்த ஊருக்குப் பிழைக்க வந்த பாதிப் பேருக்கு அந்த நம்பிக்கை உண்டு. ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் கர்நாடகம், வேறு ராஜ்ஜியம், அந்தப் பக்கம் நம் போலீஸின் கை நீளாது என்று. கடன்காரனுக்குப் பயந்தவனும் அங்கேதான் ஓடுகிறான், காதலித்துக் கட்டிக்கொண்டவனும் அங்கேதான் ஓடுகிறான். அத்திப்பள்ளி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? டவுன் பஸ் ஏறினால் காலில் போட்ட செருப்புச் சூடு ஆறுவதற்குள் வந்துவிடும். ஆனாலும் நீ நம்பினாய். நாங்களும் நம்பினோம். உள்ளூரில் பிறந்து வளர்ந்தவன் சிரித்திருப்பானோ என்னவோ.

அப்படியே வருடங்கள் போயின. அத்திப்பள்ளியில் தகர ஷீட் போட்ட ஒரு அறை உனக்கு. ஞாயிற்றுக்கிழமை அம்மா குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு வருவாள். இடையிடையே மாமா வந்து கேஸ் நிலவரம் சொல்வார். நீ ஆஜராகாததால் பிடிவாரண்ட் போட்டுவிட்டார்கள் என்றார். இந்தப் பக்கம் காலை வைத்தால் நேரே சேலம் ஜெயில்தான் என்றார். நீ கன்னடம் கற்றுக்கொண்டாய், தாடி வைத்துக்கொண்டாய். பெண் கேட்டு ஒரு வீட்டுக்கும் போக முடியவில்லை.

அப்பா இறந்த நாளை எப்படி எழுதுவது? ஒற்றை மகன் நீ. கொள்ளி வைக்க நீ வரவேண்டும். சுடுகாட்டுக்கே போலீஸ் வரும், வந்தால் மகனையும் சேர்த்து இழப்பாய் என்று மாமா அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். நீ அத்திப்பள்ளியில் ஒரு சலூனில் உட்கார்ந்து தனியாக மொட்டை போட்டுக்கொண்டாய். யார் செத்தது என்று கடைக்காரன் கேட்டதாகவும், காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டதாகவும் பின்னால் என்னிடம் சொன்னாய்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வா என்று கெஞ்சினேன். பேர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள் என்று வர மறுத்து, அங்கேயே பச்சிலையைக் குடித்துக்கொண்டு கிடந்தாய். கடைசியில் உயிரில்லாமல் ஆம்புலன்ஸில் வந்தாய். செக்போஸ்ட்டில் வண்டி நின்றது. காவலர் எட்டிப் பார்த்தார், கையைக் காட்டினார், வண்டி கிளம்பிவிட்டது. நீ இத்தனை வருடம் பயந்த இடம் அது. உன் தலைமாட்டில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

நீ போன பிறகும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவாள். குற்றவாளி செத்துவிட்டால் இறப்புச் சான்றிதழைக் கோர்ட்டில் கொடுத்துக் கேஸை முடித்துக்கொள்ளலாம் என்று என்னோடு வேலை பார்க்கிற ஒருத்தி சொன்னாள். மாமாவிடம் கேட்டேன். செத்தவன் மேல் என்ன கேஸ், விட்டுவிடு என்றார். நான் விடவில்லை. அவரைச் சந்தேகப்பட்டு இல்லை அண்ணே. அம்மா ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன்.

அங்கே குமாஸ்தா ஒருவர் பதிவேடுகளை வருடம் மாற்றி வருடம் புரட்டினார். பக்கத்து மேசைக்காரரிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இந்தப் பேர்ல இங்க குற்றப்பத்திரிகையே வரல, கேஸே நம்பர் ஆகலயேம்மா. நம்பர் ஆகாத கேஸுக்கு ஏது வாரண்ட்டு?”

வேறு கோர்ட்டாக இருக்கும் என்று நினைத்தேன். அப்போது நாம் தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி பிரிந்தது அப்புறம்தான். காகிதம் அங்கே போயிருக்குமோ என்று தர்மபுரிக்கும் அலைந்தேன். அலைச்சல்தான் மிச்சம். கடைசியில் அதே குமாஸ்தா வழி சொன்னார். ஜெயிலில் ஆளை உள்ளே எடுத்தால் குற்ற எண் எழுதாமல் எடுக்க மாட்டார்கள், அதைப் பிடி, மற்றது தானாக வரும் என்றார். தகவல் உரிமைச் சட்டம் வந்த புதிது. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, அம்மாவின் கையெழுத்தோடு கிளைச் சிறைக்கு ஒன்று அனுப்பினேன். குற்ற எண் வந்தது. அதை வைத்துக் காவல் நிலையத்துக்கு ஒன்று. கோர்ட்டுக்கு நகல் மனு. எதற்காகக் கேட்கிறாய் என்று மனுவில் ஒரு கட்டம். இறந்துபோன என் அண்ணனின் பெயருக்காக என்று எழுதினேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது கேஸுக்குப் பயந்து எங்காவது ஒளிந்திருந்தால் அடுத்தவன் வாயை நம்பாதீர்கள். போய்க் கேளுங்கள். கேட்பதற்கு வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, சொந்தக்காரனாகக்கூட இருக்க வேண்டியதில்லை. இழுத்தடிப்பார்கள், நாளை வா என்பார்கள். நாளைக்கும் போய் நில்லுங்கள்.

நகல் வந்தது அண்ணே. காணாமல் போனதாகச் சொன்ன கம்பி கம்பெனியின் இன்னொரு ஷெட்டிலேயே இருந்திருக்கிறது. திருட்டே நடக்கவில்லை என்று போலீஸே எழுதிக் கேஸை முடித்துவிட்டது. அந்த முடிவைக் கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. புகார் கொடுத்தவர் யார் தெரியுமா? கம்பெனி இல்லை. ராசு மாமா. கேஸ் முடிந்த விவரத்தைப் புகார்தாரருக்கு நோட்டீஸாகக் கொடுத்திருக்கிறார்கள். ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது அப்பா சாவதற்கு முந்தைய மாதம்.

முந்தைய மாதம் அண்ணே. தெரிந்துகொண்டேதான் அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறார். தெரிந்துகொண்டேதான் உன் அறையில் வந்து உட்கார்ந்து, அம்மா வைத்த மீன்குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார். உனக்கு வரவேண்டிய காண்டிராக்டை அவரே எடுத்துக்கொண்டு கெலமங்கலம் ரோட்டில் மாடி வீடு எழுப்பிவிட்டார். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இந்த ஆள் குழியில் உன்னை உட்காரவைத்து அவ்வப்போது வந்து நலம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

வக்கீலைப் பார்த்தேன். பொய்ப் புகாருக்குக் கேஸ் போடலாம், ஆனால் காலம் கடந்துவிட்டது என்றார். சட்டத்துக்குக் காலம் கடக்கும். எனக்குக் கடக்குமா?

உன் முதல் நினைவு நாளுக்கு மாமா ஊர் வழக்கப்படி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கொடுத்திருந்தார். உன் படம் சின்னதாக, தாய்மாமன் என்று அவர் பேர் பெரிதாக. நானும் ஒரு போஸ்டர் அடித்தேன். நடுவில் உன் சிரித்த முகம். கீழே கோர்ட் நகலும், அந்த நோட்டீஸும், அதிலிருந்த அவர் கையெழுத்தும். பிரஸ்காரர் பயந்தார். “இது கோர்ட்டு சீல் வச்சுக் குடுத்த நகலுண்ணே. யாரு மனுப் போட்டாலும் கிடைக்கும்” என்றேன். படித்துப் பார்த்தார். அப்புறம் நல்ல தாளிலேயே அடித்துத் தந்தார்.

சிப்காட் வாசலில், பஸ் ஸ்டாண்டில், மாமாவின் வேன் நிற்கும் டீக்கடைச் சுவரில், அத்திப்பள்ளியில் உன் அறைக்கு எதிரே என்று எல்லா இடத்திலும் நானே பசை தடவி ஒட்டினேன். அவர் போஸ்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் நின்று படித்தார்கள். உன்னோடு வேலை செய்த ஆட்கள் அன்று அவர் வேனில் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. காலி வேன் கம்பெனிக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். மனசு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகக் குளிர்ந்தது.

அம்மாவுக்குத்தான் சொல்லப் பயந்தேன். கூடப்பிறந்தவன் ஆயிற்றே. நகலை முழுக்க வாசித்துக் காட்டினேன். அந்த மாதத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அழவில்லை.

மாமா வந்தார். போஸ்டரைக் கிழிக்கச் சொல்லிக் கேட்க வந்தார். ஏதோ புத்தி கெட்டுப்போனது, ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியவில்லை என்றார். மகளுக்குச் சம்பந்தம் பேசிய இடத்தில் கேட்கிறார்கள் என்றார். அக்கா காலில் விழக் குனிந்தார். அம்மா காலை இழுத்துக்கொண்டாள். பிறந்தவீட்டுக் கோடி என்றால் நம் ஊர்ப் பெண்களுக்கு என்ன என்று உனக்குத் தெரியும். எத்தனை சண்டையிருந்தாலும், அக்கா செத்தால் தம்பி கொண்டுவந்து போர்த்துகிற அந்தச் சேலை இல்லாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அம்மா நின்றபடியே சொன்னாள்:

“எம்புள்ள அப்பனுக்குக் கொள்ளி வைக்காமச் செத்தான். நான் செத்தா ஒங்கோடி எனக்கு வேண்டாம். வெறும் ஒடம்பா எடுத்துட்டுப் போகட்டும்.”

அந்த ஆளுக்கு முகம் செத்துவிட்டது. எந்தக் கோர்ட்டும் அப்படி ஒரு தண்டனை கொடுத்திருக்காது.

அண்ணே, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அம்மாவுக்கு அந்த நாள் வரும்போது அவர் கோடியோடு வருவார். ஊர்ப் பெரியவர்கள் விட்டுக்கொடு என்பார்கள், செத்த வீட்டில் என்ன வைராக்கியம் என்பார்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சேலை நம் வீட்டுப் படியேறாது.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்,
முத்துமாரி