வாப்பாவுக்கு வாய்க்காத வஞ்சிரம்

இனி யார் வீட்டு ஏசியையும் பழுதுபார்க்க ஓட வேண்டாத என் பிரியமுள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. காரைக்கால் கடைத்தெருவும், கோட்டுச்சேரிப் பக்கம் போகும் பேருந்துகளும் ஒரு நிமிடம் நின்று கேட்கவும்: உங்கள் மகனுக்கு மீசை முளைத்துவிட்டது. வெளிச்சம் ஒத்துழைத்தால் தெரியும். உம்மா மட்டும் அதை, பால் குடித்துவிட்டுத் துடைக்காத கறை என்கிறார்கள்.

இரண்டாவது செய்தி ரொம்பச் சின்னது. வஞ்சிரம் பிடித்துவிட்டேன். கடையில் இல்லை, நம் படகுத்துறையில். துபாயிலிருந்து ஊரோடு வந்த பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை விடியலிலும் நீங்கள் போய் நின்ற அதே இடத்தில். கெளுத்தியைக் கொண்டுவந்து உம்மாவிடம் நீட்டி, "வஞ்சிரத்துக்கு இன்னிக்கு லீவாம்" என்பீர்களே, அந்த லீவு முடிந்துவிட்டது. பெயரிலேயே வஞ்சம் வைத்திருக்கிற மீன் உங்களை ஆயுள் முழுக்க ஏமாற்றியது. மகனிடம் நடக்குமா?

ஆனால் வாப்பா, துள்ளிக் குதிக்கத் தெம்பில்லை. களைப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் தோளில் கையை வைத்து, "இனிமே நீதான் தம்பி ஆம்பள" என்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார்கள். பாரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள். கேஸ், கரண்ட் பில், மாவரைக்கிற மெஷின், உம்மாவின் மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிற கால் நான்தான். இத்தனை நாள் இந்த வீட்டை எப்படிச் சுமந்தீர்கள்? அதுவும் விசிலடித்துக்கொண்டு?

உம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்துவிட்டார்கள். அந்த மாதங்களில் வெளியே போகாதது முறை, சரி. முடிந்த அன்று மாமி புதுச் சேலை கொண்டுவந்து, "வா, எங்க வீட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டார்கள். உம்மா சேலையை வாங்கிப் பீரோவில் வைத்தார்கள். வாசற்படியைத் தாண்டவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

"கடலுக்காச்சும் வாங்க உம்மா, சும்மா உக்காந்துட்டு வருவோம்."

"எனக்கு என்னடா வேலை அங்க? நீ போயிட்டு வா."

சிரிக்க வைத்துப் பார்த்தேன். உப்பு டப்பாவில் சீனியைக் கொட்டினேன். இனிக்கிற குழம்பை அப்படியே ஊற்றிச் சாப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. திட்டாத உம்மாவை நான் பார்த்ததே கிடையாது.

இனி படகுத்துறைக்கு வருவோம். கூட்டம் நீங்கள் இருந்தபோது இருந்ததைவிட இரட்டிப்பு. பட்டினச்சேரி ஆட்கள், லீவு நாள் ஆட்கள், தூண்டில் போடுகிறவர்களை வீடியோ எடுக்கிற ஆட்கள். தோளுக்குத் தோள் இடிக்கும். ஆனால் பழைய வழக்கம் மாறவில்லை. யாருக்காவது வஞ்சிரம் மாட்டினால் "ஏத்து!" என்று ஒரு குரல் போதும், எல்லோரும் தங்கள் தூண்டில் நரம்பைச் சுருட்டி ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஓடுகிற மீன் அத்தனை நரம்பையும் பின்னிக்கொண்டு அறுத்துவிடும்.

இந்த வழக்கத்தை வைத்து நான் கொஞ்சம் விளையாடியிருந்தேன். சும்மாவே "ஏத்து!" என்று கத்துவேன், அவ்வளவு பேரும் அவசரமாகச் சுருட்டுவார்கள், நான் தேங்காய் பர்பி தின்பேன். பக்கத்தில் நிற்கிற ஆட்டோ செல்வம் அண்ணன் ஒருநாள், "டேய், உங்க வாப்பாவுக்கு மீனு ஏறல. உனக்குப் புத்தியே ஏறல" என்றார்.

போன வெள்ளி உயிர் மத்தியை முள்ளில் கோத்து, உங்கள் பாணியில் மிதவைக்கு ரோஸ் பலூன் கட்டி விட்டேன். காலை மேல்காற்று பலூனைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போனது. தூண்டில் ராடைத் துறையின் கம்பியில் சாய்த்துவிட்டு நின்றபோது, உம்மாவை வாசற்படி தாண்ட வைக்க இந்த யோசனை வந்தது. கைக்குட்டையை வலது கையில் கட்டினேன். உம்மாவுக்கு போன் போட்டேன். "தூண்டில் முள்ளு கையில ஏறிடுச்சு உம்மா. எடுக்க வரல. நீங்க வாங்க."

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒன்றுதான் கேட்டார்கள்: "உசுரோட இருக்கியா?"

நீங்கள் போய்விட்ட செய்தியும் அவர்களுக்கு போனில்தான் வந்தது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இருக்கேன் உம்மா" என்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

வந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தார்கள். ஒரு காலில் அவர்கள் செருப்பு, இன்னொன்றில் வாசலில் அப்படியே கிடக்கிற உங்கள் செருப்பு. பார்த்ததும் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து பலூன் முங்கியது. ரீல் அலறியது. "ஏத்து!" என்று கத்தினேன். ஒருத்தர்கூட அசையவில்லை. செல்வம் அண்ணன், "போடா டேய்" என்று பீடியைப் பற்றவைத்தார்.

உம்மா கத்தினார்கள் வாப்பா. எத்தனை மாதம் கழித்து! "புள்ள கத்துறது காதுல விழல? ஏத்துங்கய்யா எல்லாத்தையும்!" துறை முழுக்க ஒரே நேரத்தில் நரம்புகள் ஏறின. அண்ணன் வாயிலிருந்து பீடி விழுந்தது.

அப்புறம்தான் அந்தப் பெரும் போராட்டம். மீன் முகத்துவாரத்துப் பக்கம் ஓட, விட்டுப் பிடித்து, சுருட்டி, மறுபடி விட்டு, கடைசியில் அண்ணன் கொக்கி போட்டுத் தூக்கினார். வெள்ளி மாதிரி இருந்தது. என் கை நீளம்.

நிற்க. இதுவரை "பிடித்தேன்" என்று எழுதிக்கொண்டு வந்தேனே, அது முழுதாக உண்மை இல்லை. ராடை எடுக்கக் கை நீட்டினேன். "அடிபட்ட கையால தொடாத!" என்று உம்மா என்னைத் தள்ளிவிட்டு அவர்களே பிடித்துக்கொண்டார்கள். கட்டு பொய்யென்று எப்படிச் சொல்வேன்? ரீலை எந்தப் பக்கம் சுற்றுவது என்று அண்ணன் சொல்லிக்கொடுத்தார். சுற்றியது முழுக்க உம்மாதான். அழுதுகொண்டே, உங்களைத் திட்டிக்கொண்டே, என்னைத் திட்டிக்கொண்டே சுற்றினார்கள். நான் செய்தது, பின்னால் நின்று அவர்கள் பர்தாவைப் பிடித்துக்கொண்டது. கடலில் விழுந்துவிடுவார்களோ என்று.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். உம்மா கைக்குட்டையை எடுத்து மறுபடி இறுக்கிக் கட்டினார்கள். "வர்ற வெள்ளியும் உனக்குக் கை வலிக்கும். நான்தான் ராடு புடிக்கணும். வெளங்குச்சா?"

வாப்பா, சத்தியமாகச் சொல்கிறேன்: இனி உம்மாவுக்கு போனில் கெட்ட செய்தி எதையும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லமாட்டேன். மற்ற விளையாட்டுகளுக்கு உறுதி கேட்காதீர்கள்.

உங்கள் மூத்த மகனும், கடைக்குட்டியும்,
மீன் பிடிக்காதவனுமான
ஒரே பிள்ளை