இரண்டாவது ஓட்டு

அடி என் மல்லிகா,

நீ போனதிலிருந்து உனக்கு எழுத நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். இன்றைக்கு எழுதாவிட்டால் என் தலை வெடித்துவிடும். எனக்குக் கல்யாணம்டி! ஐம்பத்தெட்டு வயதில். சிரிக்காதே. சரி, சிரி.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீசுக்கு நாம் பஸ்ஸில் போன காலம் ஞாபகமிருக்கிறதா? லீவில் ஊருக்குப் போனால் பையன்கள் நம்மை 'ஃபிகர்' என்பார்கள். அந்தக் கோபத்தில் வார்த்தையைப் பிடுங்கி ஆண்களுக்கு வைத்தவள் நீ. டெல்லியில் யாருக்குத் தமிழ் தெரியும் என்ற தைரியத்தில் சத்தமாகவே சொல்வோம். ஆனால் ஒருத்தி சொன்னால் செல்லாது, மற்றவளும் ஆமாம் என்றால்தான் அவன் ஃபிகர். நான் கைகாட்டிய எத்தனை பேரை நீ ஈவிரக்கமில்லாமல் தள்ளுபடி செய்திருப்பாய்!

இப்போது அந்த வார்த்தையைச் சொன்னால் உன் மகள் நிஷா சண்டைக்கு வருகிறாள். ஆளை வெறும் உடம்பாகப் பார்க்கிற பேச்சாம் அது. நியாயம்தான். ஆனால் இவர்கள் பேச்சு மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஒரு நாள் 'ஹாட்', மறுநாள் 'க்யூட்'. போன மாதம் நான் புதுப் புடவை கட்டியதற்கு, "ஆன்ட்டி, பவால் லக் ரஹீ ஹோ" என்றாள். நம் காலத்தில் இந்தியில் பவால் என்றால் தெருச்சண்டை. இப்போது அதுதான் அழகுக்குப் பாராட்டாம். எனக்கு உள்ளூரக் குளிர்ந்துதான் போனது, உன்னிடம் மறைப்பானேன்?

அவர் பெயர் ராகவன். ஜனக்புரியில் இருக்கிறார். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பூங்காவில் நடக்கப் போய்ப் பழக்கம். ஒரு நாள் கேட்டேவிட்டார். நான் பதில் சொல்லாமல் வாரக்கணக்கில் இழுத்தேன். பயம்தான். அம்மாவைப் பார்த்துக்கொண்டே என் வயது போனது உனக்குத் தெரியாததா? இத்தனை வருஷம் தனியாக இருந்துவிட்டு, என் கண்ணை மட்டும் நம்பி எப்படிச் சரி சொல்வது? நீயும் கண்ணை மூடிவிட்டாய், இரண்டாவது ஓட்டுக்கு நான் எங்கே போவேன்?

நேற்று நிஷாவை அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். வழியில் நம் சட்டத்தை அவளிடம் சொன்னேன். சீ, என்ன ஆன்ட்டி இது என்று திட்டினாள். மெட்ரோ வாசலில் அவர் எங்களுக்காக மசாலா தடவிய கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. நிஷா அவரை மேலும் கீழும் பார்த்தாள். உன் பார்வையேதான்டி. பிறகு அந்த வாசலே கேட்கும்படி தமிழில் சொன்னாள்:

"ஆமா ஆன்ட்டி. ஃபிகர்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் தமிழ் தெரியும் என்பது எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷம் ஞாபகமே இல்லை. டெல்லிப் பழக்கம், என்ன செய்ய? பார்த்தால், மனிதர் வெட்கத்தில் காது சிவந்து, இருக்கிற நாலு முடியைக் கையால் கோதிக்கொண்டு நிற்கிறார். அங்கேயே சரி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் கோயிலில் கல்யாணம். என் பக்கம் நிஷா நிற்பாள். நீ விட்டுப்போன மாம்பழக் கலர் பட்டுப்புடவையைத்தான் கட்டிக்கொள்ளப்போகிறேன். இது சத்தியம்டி: வாரம் ஒரு தரமாவது அவரை அந்தப் பெயரால் கூப்பிடுவேன், அவர் காதுபடவே.

உன் மகளுக்கு ஆன்ட்டி,
உனக்கு என்றைக்கும் பக்கத்து சீட்டுக்காரி,
கனகா